கரியும் நீரும்: தேநீர்க்காரர்களின் நவம்பர்

ஜப்பானின் கியோட்டோவுக்குப் போகிறவர்களில் பலர் 45 நிமிடத் "தேநீர்ச் சடங்கு" ஒன்றுக்குப் பணம் கட்டி, கிமோனோ உடுத்தி, பச்சைத் தேநீரை மூங்கில் மத்தால் அடித்துக் குடித்துவிட்டு வருகிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அது நான்கு மணி நேர விருந்தின் கடைசிப் பகுதி மட்டும்தான். முழு விருந்துக்கு சாஜி என்று பெயர். அதன் பெரும்பகுதி கரி அடுக்குவதிலும், நீர் கொதிக்கக் காத்திருப்பதிலும், அதற்கிடையே பசியாறுவதிலும் போகிறது. சாஜியை அடுப்பிலிருந்து பார்த்தால்தான் மற்ற அசைவுகளுக்கெல்லாம் காரணம் பிடிபடும் என்பது என் எண்ணம். இந்தக் குறிப்புகளும் அந்த வரிசையில்தான் போகின்றன.

நவம்பரில் போனதற்குக் காரணம் உண்டு. மே முதல் அக்டோபர் வரை தேநீர் அறையில் தரைக்கு மேல் வைக்கும் ஃபுரோ அடுப்பு. நவம்பர் தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டு, பாய்களுக்கு நடுவே தரையில் பதித்த ரோ அடுப்பைத் திறப்பார்கள். வசந்தத்தில் பறித்துச் சாடியில் முத்திரையிட்டு வைத்த இலையும் அப்போதுதான் வெளியே வரும். தேநீர்க்காரர்களுக்குப் புத்தாண்டு அதுதான்.

நவம்பர் 5, உஜி

கியோட்டோவிலிருந்து ஜே.ஆர். நாரா ரயில் பாதையில் 240 யென். காலையில் 11 டிகிரி குளிர், வெயில் ஏறியதும் மேல்சட்டை தேவைப்படவில்லை. ஆற்றங்கரைக் கடைத்தெரு முழுக்க வறுத்த தேயிலை வாசம். அது ஹோஜிசா. மாட்சா என்னும் பச்சைத் தேயிலைத்தூளுக்குத் தெருவரை வரும் மணம் கிடையாது, கிண்ணத்துக்குள் மூக்கை வைத்தால்தான் தெரியும்.

தோட்டங்களில் இப்போது பறிப்பு இல்லை. செடிகளில் மஞ்சள் மகரந்தத்தோடு சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். தலைக்குமேல் பந்தல் கம்பிகள் வெறுமனே நிற்கின்றன. வசந்தத்தில் துளிர் விட்டதும் அந்தப் பந்தல்மேல் நாணல் தட்டியும் வைக்கோலும் பரப்பி, இருபது நாளுக்கு மேல் வெயிலை மறைப்பார்கள். இப்போது பல இடங்களில் கறுப்பு வலைதான். வெயில் குறைந்தால் இலையிலுள்ள தியானைன் என்ற அமினோ அமிலம் துவர்ப்புப் பொருளாக மாறுவதும் குறைகிறது, பச்சையம் கூடுகிறது. மாட்சாவின் நிறமும், நாக்கின் பின்பக்கம் தங்கும் அந்தச் சுவையும் பந்தல் தந்தவை.

பறித்த இலையைச் சில விநாடிகள் ஆவியில் காட்டி, உருட்டாமல் அப்படியே உலையில் உலர்த்தி, காம்பையும் நரம்பையும் நீக்கினால் தென்சா. தென்சாவைக் கல்லில் அரைத்தால் மாட்சா. சாதாரணப் பச்சைத் தேயிலையைப் பொடித்து அதே பெயரில் விற்பவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அடித்தால் நுரை வந்தாலும் வரும், குடித்தால் தொண்டை கரகரக்கும்.

அரைக்கும் கல் கருங்கல். நம் வீட்டுத் திருகைதான், இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். ஒரு கல் ஒரு மணி நேரத்தில் தருவது 40 கிராம் அளவுதான். வேகமாகச் சுற்றினால் கல் சூடேறி மணம் போய்விடும், தூளும் பருமனாகிவிடும். கையால் சுற்றிப் பார்க்க விடும் கடையொன்றில், பக்கத்திலிருந்த ஒரு குடும்பத்துப் பையன் வேகவேகமாகச் சுற்றினான். கடைப் பெண்மணி ஒன்றும் சொல்லாமல் அவன் கைமேல் தன் கையை வைத்துத் தானும் சேர்ந்து மெதுவாகச் சுற்றினார். இரண்டு சுற்றில் அவனுக்குத் தாளம் வந்துவிட்டது.

மாட்சாவுக்கு இப்போது உலகமெங்கும் தட்டுப்பாடு. பல கடைகளில் "ஒருவருக்கு ஒரு டப்பா" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பதினொரு மணிக்கே நல்ல ரகங்கள் தீர்ந்துவிடுகின்றன. பெயர்ப்பலகையில் பார்க்க வேண்டியது கடைசிச் சொல்லை. "முகாஷி" என்று முடிந்தால் பெரும்பாலும் கொய்சா என்னும் கெட்டித் தேநீருக்கு ஆனது, "ஷிரோ" என்று முடிந்தால் உசுசா என்னும் இளந்தேநீருக்கு. உசுசா ரகத்தில் கொய்சா போட்டால் கசப்பில் வாயைத் திறக்க முடியாது. கொய்சா ரகத்தில் உசுசா தாராளமாகப் போடலாம், பணம்தான் வீண்.

மதியம் தேயிலைத்தூள் கலந்த பச்சை சோபா நூடுல்ஸ், 1,200 யென். சைவர்கள் கவனிக்க: நூடுல்ஸில் மீன் இல்லாவிட்டாலும் தொட்டுக்கொள்ளும் சாற்றில் கட்சுவோ என்ற உலர்மீன் இருக்கும். கேட்டால் உப்பு மட்டும் தனியாகத் தருகிறார்கள்.

நவம்பர் 6, தகாயாமா

நாரா மாவட்டம், இகோமா நகரின் வடகோடி. ஜப்பானில் செய்யும் சாசென்களில், அதாவது மூங்கில் மத்துகளில், பத்தில் ஒன்பதுக்குமேல் இந்த ஒரு பள்ளத்தாக்கிலிருந்து வருகின்றன. ரயில் நிலையத்திலிருந்து பேருந்து ஏற வேண்டும். இரண்டு பேருந்துக்கு நடுவே ஒரு மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி விழுகிறது, அன்று தூறலும் சேர்ந்துகொண்டது. நிறுத்தத்துக்கு எதிர்வீட்டு அம்மாள் ஒரு மடக்கு நாற்காலியையும் குடையையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, தலையைத் தாழ்த்தி வணங்கிவிட்டு உள்ளே போய்விட்டார். பேருந்து வந்தபோது அவற்றை எங்கே வைப்பது என்று பார்த்தால், வாசலில் முன்பே ஓர் இடம் ஒழித்து வைத்திருந்தார்.

சாசென் ஒரே துண்டு மூங்கில். ஒட்டு இல்லை, ஆணி இல்லை. அதைக் கண்ணால் பார்த்தபிறகும் நம்பக் கொஞ்ச நேரம் பிடிக்கும். குளிர்காலத்தில் வெட்டிய மூங்கிலைக் கொதிநீரில் போட்டு எண்ணெய்ப் பசையை எடுத்து, ஜனவரி, பிப்ரவரியில் அறுவடை முடிந்த வயலில் கூம்பாகச் சாய்த்து வெயிலும் பனியும் படக் காயவைப்பார்கள். பச்சை போய் மூங்கில் வெண்மஞ்சளாகும். அதற்குப் பிறகும் கிடங்கில் நெடுநாள் இருந்து பதப்பட்டால்தான் கத்தி படும்.

சுமார் 12 சென்டிமீட்டர் துண்டு, கணு கீழ்ப்பாதியில். கணுவுக்குமேல் மேல்தோலைச் சீவி, பாதி பாதியாகப் பிளந்து 16 கீற்றாக்குகிறார்கள். ஒவ்வொரு கீற்றையும் வெளியே மடக்கி உள்சதையைச் சீவித் தள்ளிவிட்டால் மெல்லிய தோல்பகுதி மட்டும் மிஞ்சும். அதை மறுபடி பத்தாகப் பிளக்கிறார்கள், ஒன்று தடித்தது ஒன்று மெலிந்தது என்று மாறி மாறி. பதினாறு பத்து 160. தடித்த 80 வெளிவட்டத்துக்கு, மெலிந்த 80 உள்வட்டத்துக்கு. கடையில் "80 இழை" என்று விற்பது வெளிவட்டக் கணக்கு.

அடுத்த கட்டத்துக்கு அஜிகெசுரி என்று பெயர், சுவைக்காகச் சீவுதல். இழைகளை வெந்நீரில் நனைத்து, அடியிலிருந்து நுனிவரை மெலிந்துகொண்டே போகும்படி சீவி, நுனியை உள்பக்கம் சுருட்டுகிறார்கள். நுனி தடித்தால் நுரை பெரிய குமிழாக வரும், அளவுக்குமேல் மெலிந்தால் பத்து நாளில் ஒடியும். நான் பார்த்த கைவினைஞர் கத்தியை நகர்த்தவில்லை. கத்தியைப் பலகையோடு நிறுத்தி, மூங்கிலைத்தான் இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் கண்ணுக்குத் தெரியாத அளவு தூள் பறக்கிறது, மடியில் விரித்த துணி வெளுத்திருக்கிறது. பிறகு வெளியிழைகளின் ஓரங்களை ஒவ்வொன்றாக மழுக்குகிறார்கள். ஓரம் கூராக இருந்தால் தேநீர்த்தூள் அதில் ஒட்டிக்கொள்ளும். கடைசியில் நூல்கட்டு. பெரும்பாலும் கறுப்பு நூல்.

மூங்கில் எது என்று பார்த்தாலே எந்த மரபு என்று சொல்லிவிடலாம். உராசென்கே வெள்ளை மூங்கில், ஒமோதெசென்கே அடுப்புப் புகை படிந்த பழைய கூரை மூங்கில், முஷகோஜிசென்கே கருமூங்கில். பதினாறாம் நூற்றாண்டுத் தேநீர் ஆசான் சென் நொ ரிக்கியூவின் கொள்ளுப்பேரர்கள் மூவர் வழியாக வந்த மூன்று வீடுகள் இவை. கொய்சாவுக்கு இழை குறைந்த தடித்த சாசென், உசுசாவுக்கு 80, 100, 120.

விலை 5,000 யென் சொன்னார்கள், பேரம் பேச ஒன்றுமில்லை. கியோட்டோவின் சுற்றுலாக் கடைகளில் 1,500 யென்னுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இறக்குமதி. பழகுவதற்கு அதுவே போதும். ஆனால் இரண்டையும் நீரில் நனைத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மலிவானதில் இழைகள் சமமாக விரிவதில்லை.

நவம்பர் 7, யாமாஸாகி

கியோட்டோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவே, மூன்று ஆறுகள் கூடும் இடம். ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரிலேயே மியோகியான் கோயில். அதற்குள்தான் தாய்ஆன், இரண்டே பாய் அளவுள்ள தேநீர் அறை. ரிக்கியூ கட்டியது என்று சொல்ல மரபுவழி ஆதாரம் உள்ள, இன்றும் நிற்கும் ஒரே அறை. ஜப்பானின் தேசியப் பொக்கிஷமான தேநீர் அறைகள் மூன்று, இது அவற்றில் ஒன்று.

பார்க்க முன்பதிவு வேண்டும். வழக்கம் இரட்டை அஞ்சலட்டை, அதாவது ஒன்றில் நம் கோரிக்கை, ஒட்டியிருக்கும் மற்றதில் அவர்கள் பதில். 2024 அக்டோபரில் அஞ்சல் கட்டணம் ஏறியது, இரட்டை அட்டை 126 யென்னிலிருந்து 170 ஆனது. பழைய அட்டையைக் கூடுதல் தலை ஒட்டாமல் போட்டால் சிக்கல். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஜப்பானில் இருக்கும் யாரையாவது பிடித்துத்தான் எழுத வேண்டும். படம் எடுக்க அனுமதி இல்லை, அறைக்குள் காலெடுத்து வைக்கவும் முடியாது. வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பதோடு சரி. அது போதும்.

உள்ளே சுவர் மண், பூச்சில் வைக்கோல் துணுக்குகள் அப்படியே தெரிகின்றன. படம் தொங்கும் தொகொனொமா மாடத்தின் உள்மூலைகளில் தூண் கிடையாது, மூலையை வளைத்து மண் பூசியிருக்கிறார்கள். அடுப்பு அறையின் மூலையில். அந்த மூலைத் தூணையும் பூச்சுக்குள் மறைத்திருக்கிறார்கள். கண் நின்று அளக்க மூலை இல்லாததால் இரண்டு பாய் இடம் இரண்டு பாயாகத் தோன்றுவதில்லை. உள்கூரையும் ஒரே மட்டம் இல்லை, மூன்று பகுதி, அவற்றில் ஒன்று சரிந்த கூரையின் அடிப்பக்கம். விருந்தினர் தவழ்ந்து நுழையும் நிஜிரிகுச்சி வாசல் பொதுவாக 66 சென்டிமீட்டர் உயரம், 63 அகலம். தாய்ஆனில் அது இன்னும் கொஞ்சம் பெரியது. பிற்காலத்தவர் குறுக்கிவிட்டார்கள்.

1582இல் படைத்தலைவர் ஹிதெயோஷி யாமாஸாகிப் போரில் வென்று இங்கே தங்கிய காலத்தில் எழுந்த அறை என்பது வழிவழிச் செய்தி. ஒன்பது வருடம் கழித்து, 1591இல், அதே ஹிதெயோஷியின் உத்தரவால் ரிக்கியூ வயிற்றைக் கிழித்துக்கொண்டு இறந்தார். இரண்டையும் அறிந்தவருக்கு அந்தச் சின்ன அறை முன்னால் நிற்பது எளிதாக இல்லை.

தவழ்ந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அருகிலுள்ள ஒயாமாஸாகி வரலாற்றுக் காட்சியகத்தில் முழு அளவு மாதிரியைப் பார்க்கலாம். அங்கிருந்து ஒசாகா பக்கம் நடந்தால் மினாசே கோயில் ஊற்று. ஊர்க்காரர்கள் பெரிய பெரிய பிளாஸ்டிக் கேன்களோடு வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் நிரப்பி முடித்ததும் குழாயடியைத் துடைத்துவிட்டு அடுத்தவருக்குத் தலை வணங்குகிறார். மென்னீர். சுண்ணாம்பு இல்லாத இப்படிப்பட்ட நீரில்தான் மாட்சாவின் சுவை முழுதாக இறங்கும்.

நவம்பர் 8, கியோட்டோ, தாய்தோகுஜி

நாள் முழுக்க மழை. காலுறை இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது. ஜென் கோயில்களில் செருப்பைக் கழற்றி நனைந்த காலோடு மரத்தளத்தில் நடந்தால் தடம் பதியும், யாராவது பின்னாலேயே துணியோடு வருவார்கள்.

தாய்தோகுஜியின் சிவப்பு மாடவாசலைத் தூரத்திலிருந்துதான் பார்க்க முடியும். அதன் மேல்தளம் ரிக்கியூவின் செலவில் எழுந்தது. நன்றிக்கடனாக அங்கே அவருடைய மரச்சிலையை வைத்தார்கள். வாசலுக்குக் கீழே தான் நடக்கும்போது ரிக்கியூ தன் தலைக்குமேல் நிற்பதா என்று ஹிதெயோஷி கொதித்தார் என்பார்கள். மரணத்துக்குச் சொல்லப்படும் காரணங்களில் அது ஒன்று. வளாகத்துக்குள் மதியம் ஷோஜின் சாப்பாடு, 4,500 யென். துறவிகளின் சைவம், கொம்பு என்னும் கடற்பாசியிலும் காளானிலும் எடுத்த சாறு. கேள்வி கேட்காமல் சைவர் உட்காரக்கூடிய இடம் இது.

நவம்பர் 9, வடக்கு கியோட்டோ, அடுப்புத் திறப்பு சாஜி

ஒரு தேநீர் ஆசிரியரின் வீடு, விருந்தினர் ஐந்து பேர், ஆளுக்கு 20,000 யென். மீன் சாறு வேண்டாம் என்று பத்து நாள் முன்பே எழுதியிருந்தோம். அன்று காலையில் சொல்வது அவமரியாதை, ஏனென்றால் சாறு முந்தின நாளே ஊறத் தொடங்கிவிடும்.

விருந்தினர் கொண்டுபோக வேண்டியவை: கைஷி என்னும் மடித்த தாள்கட்டு, இனிப்பு வெட்டும் சிறு குச்சி, மடக்கு விசிறி, ஃபுகுசா பட்டுத்துணி, வெளுத்த காலுறை. விசிறி வீசுவதற்கு அல்ல. வணங்கும்போது நமக்கும் எதிரிலிருப்பவருக்கும் நடுவே வைக்கும் எல்லை. மோதிரமும் கைக்கடிகாரமும் கழற்ற வேண்டும், கிண்ணம் கீறும். வாசனைத் திரவியம் கூடவே கூடாது, தூபத்தைக் கெடுக்கும்.

முதல் விருந்தினர் ஷோகியாகு, பேச்செல்லாம் அவர் பொறுப்பு. கடைசி ஆள் த்சுமே. அனுபவம் இல்லாதவர் நடுவில் உட்கார்ந்துகொள்வது நல்லது. தோட்டத்தில் குனிந்து த்சுகுபாய் கல்தொட்டியில் கையும் வாயும் கழுவி, ஒவ்வொருவராகத் தவழ்ந்து உள்ளே. கழற்றிய செருப்பை அவரவரே ஒன்றோடொன்று சேர்த்துச் சுவரில் சாய்த்துவிட வேண்டும். த்சுமே உள்ளே வந்ததும் கதவைச் சட்டென்று சத்தம் வரும்படி சாத்துகிறார். உள்ளறையில் இருக்கும் விருந்தளிப்பவருக்கு, எல்லோரும் வந்தாயிற்று என்று அந்தச் சத்தம் சொல்கிறது. இந்த வீட்டில் ஆட்கள் கூப்பிட்டுக்கொள்வதில்லை.

குளிர்காலச் சாஜியில் முதலில் அடுப்பு, பிறகுதான் சாப்பாடு. கோடையில் வரிசை மாறும். ரோ அடுப்பு 42 சென்டிமீட்டர் சதுரம். அதில் மூன்று துண்டுக் கரி முன்பே கனன்றுகொண்டிருக்கிறது. ஆசிரியர் காய்ந்த சுரைக்குடுக்கையில் கரியை அடுக்கிக் கொண்டுவந்தார். அடுப்புத் திறப்பில் ஃபுகுபே என்ற அந்தக் குடுக்கையும், ஒரிபே பச்சை மண்பாண்டமும், இன்பே என்ற பிஸென் மண்பாண்டமும் சேர்ந்து வருவது மங்கலம். மூன்று "பே" என்று பழகியவர்கள் தேடிப் பார்ப்பார்கள்.

காமா என்னும் இரும்பு வெந்நீர்ப் பாத்திரத்தை இரண்டு வளையம் மாட்டித் தூக்கி நகர்த்தியதும், விருந்தினர் ஐவரும் முழங்காலால் நகர்ந்து அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். சாஜியில் எல்லோரும் ஒன்றாக நெருங்கும் நேரம் இது. இறகால் விளிம்பைத் துடைத்து, ஈரச் சாம்பல் தூவுகிறார். உலர்ந்த சாம்பல் என்றால் காற்றில் எழுந்து பாயெல்லாம் படியும். சாம்பலின் ஈரம் ஆவியாகி எழும்போது காற்றோட்டமும் பிறக்கிறது என்பார்கள். பிறகு கரி. எல்லாம் கருவாலி மரம், குறுக்கே பார்த்தால் சாமந்திப்பூ மாதிரி வரி. முதலில் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள தடித்த தோஸுமி, அதற்கு ஒட்டினாற்போல் அளவு குறைந்த துண்டுகள், மேலே சுண்ணம் பூசிய வெள்ளைக் கிளைக்கரி. எல்லாவற்றையும் முந்தின நாளே கழுவிக் காயவைத்திருக்கிறார்கள். கழுவாத கரியின் தூள் வெடித்துத் தெறிக்கும், பட்டுக் கிமோனோவில் ஒரு பொறி போதும்.

கரிகள் நெருங்கினால் காற்று புகாமல் புகையும், தள்ளி நின்றால் பற்றாது. ஆசிரியர் ஒரு துண்டை வைத்துவிட்டு மறுபடி விரல்கனம் நகர்த்தினார். இந்த நெருப்பு இப்போதைக்கு அல்ல, இரண்டு மணி நேரம் கழித்துக் கொய்சா போடும்போது உச்சத்தில் இருக்க வேண்டிய நெருப்பு. அந்தக் கணக்கு தவறினால் பிறகு எதைச் சரியாகச் செய்தும் பயனில்லை.

கடைசியாகத் தூபம். குளிர்காலத்தில் அகில், சந்தனம், கிராம்பு முதலியவற்றைப் பொடித்துத் தேனில் பிசைந்த உருண்டை. கோடையில் வெறும் சந்தனச் சீவல். ஒரு உருண்டை கனலுக்கு அருகில், இன்னொன்று கொஞ்சம் தள்ளிச் சூடான சாம்பலில். முதலாவது இப்போது மணக்கும், மற்றது மெதுவாக.

சாப்பாடு கைசெகி. முதல் தட்டில் ஒரு வாய்ச் சோறு, அப்போதுதான் வெந்தது, ஈரம் போகாதது. கூடவே மிசோ சூப். எதிரே வைத்த முகோஸுகே கிண்ணத்தை, சாகே என்னும் அரிசி மது ஊற்றும்வரை தொடக்கூடாது. எங்கள் கிண்ணத்தில் மீனுக்குப் பதில் யூபா என்னும் சோயாப்பால் ஆடை, வசாபியோடு. முடிவில் வறுத்த சோற்றுக் கஞ்சிநீர் வருகிறது. ஒரு துண்டு முள்ளங்கி ஊறுகாயை மிச்சம் வைத்து, அந்த நீரை ஊற்றி, ஊறுகாயால் கிண்ணத்தைச் சுற்றித் துடைத்து, நீரைக் குடித்துவிட வேண்டும். பிறகு கைஷியால் ஒற்றி எடுத்தால் பாத்திரம் சுத்தம். எல்லோரும் முடித்ததும், ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சாப்பிடும் குச்சிகளைத் தட்டில் விழவிட வேண்டும். அந்தச் சத்தம் கேட்டுத்தான் ஆசிரியர் கதவைத் திறக்கிறார். இனிப்புக்கு இனோகோமோச்சி, பன்றிக்குட்டி வடிவச் சிறு கொழுக்கட்டை. நவம்பருக்கு மட்டும் உரியது.

இடைவேளைக்குத் தோட்டத்துக்குப் போய்ப் பெஞ்சில் காத்திருக்கிறோம். உள்ளே படத்தைச் சுருட்டிவிட்டுப் பூ வைக்கிறார்கள். வெண்கல மணித்தட்டு ஏழு முறை ஒலிக்கும்: பெரிது, சிறிது, பெரிது, சிறிது, நடுத்தரம், நடுத்தரம், பெரிது. அதைக் குந்தியமர்ந்து கேட்பது முறை.

மறுபடி உள்ளே நுழைந்தபோது காமா பாடிக்கொண்டிருந்தது. அடியில் ஒட்டிய சிறு இரும்புத் துண்டுகளால் வரும் ஓசை அது. நண்டுக் கண், மீன் கண் என்று குமிழ்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கொய்சாவுக்கு வேண்டியது மத்சுகசே, பைன் மரக்காற்றின் இரைச்சல். பேச்சு அடியோடு நிற்கிறது.

கொய்சா ஆளுக்கு ஏறத்தாழ 4 கிராம் தூள், 30 முதல் 40 மில்லி நீர். அடிப்பதில்லை, பிசைவார்கள். முதலில் கொஞ்சம் நீர் விட்டு, தூள் முழுக்க நனைந்து பளபளப்பு வரும்வரை சாசெனால் மெதுவாகத் தேய்க்கிறார். பிறகு சாசெனை இடக்கையால் சற்றே தூக்கி அதன்மேல் மீதி நீரை ஊற்றுகிறார். முதல் நீர் குறைந்தால் கட்டி நிற்கும், கூடினால் பளபளப்பு வராது. இரண்டுக்கும் பிறகு பரிகாரம் இல்லை. ஷோகியாகு ஒரு மிடறு குடித்ததும் ஆசிரியர் கேட்பது ஒரே கேள்வி, பதம் எப்படி என்று. ஒரே கிண்ணத்தில் எல்லோரும் குடிப்பதுதான் பழைய முறை. பெருந்தொற்றுக்குப் பிறகு பல வீடுகளில் ஆளுக்கொரு கிண்ணம், இங்கும் அப்படியே. அந்த முறையும் புதிதல்ல, உராசென்கேயின் பதின்மூன்றாம் தலைவர் எந்நோசாய் மெய்ஜி காலத்திலேயே (1868–1912) வகுத்து வைத்தது.

கொய்சாவுக்குப் பிறகு இரண்டாம் கரி. முதல் கரி எப்படி எரிந்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கிறோம். தோஸுமி முழு வடிவம் கலையாமல் உள்ளே சிவந்து, மேலே வெள்ளைச் சாம்பலாக நின்றது. ஷோகியாகு அதைப் பார்த்து ஆழ்ந்து வணங்கினார். அன்றைக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான் என்று எனக்குப் பட்டது. பிறகு உசுசா, உலர் இனிப்பு, சிரிப்பு, பேச்சு.

நான்கு மணி நேரம் மண்டியிட்டு உட்கார்ந்தவர் சட்டென்று எழுந்தால் விழுவார். கால்விரல்களை மடக்கி ஊன்றி, குதிகால்மேல் ஒரு நிமிடம் உட்கார்ந்து, ரத்தம் ஓடியபிறகு எழ வேண்டும்.

நவம்பர் 10, கியோட்டோ, கடைகள்

வெயில், 17 டிகிரி. தேரமாச்சித் தெருவில் கைஷி ஒரு கட்டு 250 யென், சாஷாக்கு என்னும் மூங்கில் தேக்கரண்டி 1,100. ஒரு கடையில் பொட்டலம் கட்ட எடுத்துக்கொண்ட நேரம், நான் பொருள் தேர்ந்தெடுத்ததைவிட அதிகம்.

வீட்டில் உசுசா போடுகிறவர்களுக்கு, அந்த வீட்டில் பார்த்ததை வைத்து: தூள் 2 கிராம், சாஷாக்கில் ஒன்றரைக் கரண்டி. சலிக்காமல் போட்டால் எவ்வளவு அடித்தும் கட்டி கரையாது. நீர் 60 முதல் 70 மில்லி, 80 டிகிரி. கொதித்த நீரை இன்னொரு பாத்திரத்துக்கு மாற்றினாலே ஏறத்தாழ பத்து டிகிரி இறங்கும். கிண்ணத்தை வெந்நீரால் சூடாக்கித் துடைத்தபிறகே தூள். குளிர்ந்த கிண்ணத்தில் நுரை நிற்காது. சாசெனை முதலில் வெந்நீரில் நனைத்து, தூக்கித் திருப்பி, ஒடிந்த இழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சடங்கில் அதையே அழகாகச் செய்கிறார்கள், வேலை இதுதான். அடிக்கும்போது மணிக்கட்டு மட்டும் முன்னும் பின்னும் வேகமாக அசைய வேண்டும். வட்டமாகக் கலக்கினால் நுரை வராது, அடியில் அழுத்தினால் இழை ஒடியும். பதினைந்து இருபது விநாடி போதும். உராசென்கேயில் மேற்பரப்பு முழுக்க நுரை, ஒமோதெசென்கேயில் பிறைவடிவில் ஓரிடம் நுரையில்லாமல் விடுவார்கள்.

குடிக்கிறவர் கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து, சற்றே உயர்த்தி வணங்கி, வலஞ்சுழியாக இரண்டு சிறு திருப்பம். கிண்ணத்தின் முகப்பில் வாய் வைக்காமல் இருக்கத்தான் அது. கடைசி மிடறு உறிஞ்சும் ஓசையோடு.

நம் கடலோர ஊர்களுக்குக் கொண்டுபோகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். போர் தண்ணீரில் போட்டால் நிறம் மங்கிச் சுவை செத்துவிடும், சுத்திகரித்த நீரையே பயன்படுத்துங்கள். சாசெனைச் சோப்பு இல்லாமல் கழுவி, காற்றில் முழுக்கக் காயவிடுங்கள். வாங்கிய பிளாஸ்டிக் குழாயில் ஈரத்தோடு போட்டு மூடினால் ஒரே வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். மாட்சா டப்பா குளிர்பெட்டியில் இருக்கலாம். ஆனால் எடுத்தவுடன் திறக்கக் கூடாது, அறைச் சூட்டுக்கு வந்தபிறகுதான் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துத் தூள் கட்டியாகிவிடும். திறந்த டப்பாவை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.